அதீபாவின் தட்டு

அதீபா ஒளித்துவைத்துத் தின்கிறாள் என்று மாமியார் ஜரினா முடிவு கட்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண விருந்துக்குப் போக, மூன்று வருஷத்துக்கு முன்னால் நிக்காஹுக்கு எடுத்த பச்சைச் சுடிதாரை மருமகள் போட்டுப் பார்த்தாள். கை முழங்கைக்கு மேல் ஏறவில்லை. இழுத்ததில் அக்குள் தையல் டர்ரென்று பிரிந்தது. ஐம்பத்து நாலு கிலோவாக அந்த வீட்டுக்குள் வந்த பெண் இப்போது எழுபத்தொன்பது.

"மூணு வேளையும் என் எதுர்லதான் துன்றே. ஒரு புடி சோறு, ரெண்டு வாய் ரசம். அப்புறம் இந்த ஒடம்பு எங்கேர்ந்துடி வருது?" என்றாள் ஜரினா. "நாங்க அசந்தா ஒளிச்சு வெச்சித் துன்றியா? சொல்லிடு. நான் இன்னா அடிக்கவா போறேன்?"

கூடத்தில் ஜரினாவின் புருஷன் ஹாஜா மொய்தீன் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். மகன் அனஸ் தலை வாரிக்கொண்டிருந்தான். இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்கும். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. அதீபா கிழிந்த சுடிதாரை நாலாக மடித்து பீரோவில் வைத்தாள்.

"நீங்க போய்ட்டு வாங்க மாமி. எனக்குத் தலை வலிக்குது" என்றாள். அவ்வளவுதான்.

ஆவடியை ஒட்டிய கோவில்பதாகையில் அந்த வீட்டைச் சமோசாப் பட்டிக்காரர் வீடு என்பார்கள். சமோசா மடிக்கிற அந்த மெல்லிய மைதா ஏடு இருக்கிறதே, அதுதான் பட்டி. காலையில் மாவு பிசைந்து, சின்னச் சின்னதாகத் தட்டி, எண்ணெய் தடவி, மாவு தூவி, ஒன்றன்மேல் ஒன்றாக எட்டு அடுக்கி, அடுக்கை அப்படியே பெரிய வட்டமாகத் தேய்ப்பாள் ஜரினா. இரும்புக் கல்லில் இந்தப் பக்கம் ஒரு கணம், அந்தப் பக்கம் ஒரு கணம். வெந்தும் வேகாமலும் எடுத்துப் போட்டால், சூடு ஆறுவதற்குள் எட்டு ஏட்டையும் கிழியாமல் உரிக்க வேண்டும். உரிக்கிறது அதீபாவின் வேலை. அதை நீளநீளமாக வெட்டிக் கட்டுப் போட்டால், ஹாஜா மொய்தீன் மொபெட்டில் வைத்துக்கொண்டு ஆவடி மார்க்கெட், திருமுல்லைவாயல், அம்பத்தூர் எஸ்டேட் டீக்கடைகள் வரை போய்ப் போட்டுவிட்டு வருவார். அனஸ் எஸ்டேட்டில் ஸ்பிரிங் செய்கிற கம்பெனியில் ஷிஃப்ட் பார்க்கிறான்.

வந்த புதிதில் அதீபா உரிக்கிற வேகத்தைப் பார்த்து ஜரினாவே அசந்திருக்கிறாள். கடந்த ஒரு வருஷமாகத்தான் அவள் கை மந்தமாகிவிட்டது. பேச்சும் மந்தம். தொண்டையில் கம்பளி அடைத்த மாதிரி ஒரு கரகரப்பு. கூப்பிட்டால் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்புவாள். அக்னி நட்சத்திர வெயிலில், கல் அனலுக்குப் பக்கத்தில், புருஷனின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். 'சொகுசு' என்று ஜரினா அதற்குப் பெயர் வைத்திருந்தாள்.

கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று மறுநாள் முடிவு செய்தாள். முட்டி வலி என்று சொல்லிவிட்டு, வேலை முடிந்ததும் அடுப்படி தெரிகிற மாதிரி கூடத்தில் பாய் போட்டுப் படுத்தாள். பகலெல்லாம் அரைக்கண் மூடிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

காலையில் சர்க்கரை இல்லாத டீ, அரை டம்ளர். மதியம் ஒரு கை சோறு, ரசம். அனஸுக்கு வறுத்த மீனில் ஒரு துண்டு மிஞ்சியிருந்தது. அதீபா அதை மோந்துகூடப் பார்க்காமல் மூடி வைத்தாள். சாயங்காலம் ஒரு வெள்ளரிக்காய். ராத்திரி எல்லாருக்கும் தோசை ஊற்றிக் கொடுத்துவிட்டு எலுமிச்சம்பழம் பிழிந்த வெந்நீரோடு போய்விட்டாள். இரண்டாம் நாளும் அதே. மூன்றாம் நாள் காலையில் அந்த அரை டம்ளர் டீயும் இல்லை. மாவு டப்பா, பிஸ்கெட் டப்பா, அரிசி மூட்டைக்குப் பின்னால், பீரோவுக்கு அடியில் எல்லாம் ஜரினா துழாவிவிட்டாள். ஒரு வேர்க்கடலைத் தோல்கூட இல்லை.

மூன்றாம் நாள் மதியம் ஜரினாவுக்குப் பயம் பிடித்தது. எழுந்து போனாள். அதீபா சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள். வெளியே தார் உருகுகிற வெயில். அந்த நெற்றி மண்பானையின் அடிப்பக்கம் மாதிரி ஜில்லென்று இருந்தது.

"அதீபா. ஏ அதீபா. எழுந்துரு."

"பட்டி ஆறிடுச்சா மாமி?"

"பட்டி கெடக்குது. நீ எத்தினி நாளா இப்டிப் பட்டினி கெடக்குறே?"

அதீபா யோசித்தாள். பதில் வர நேரமாயிற்று. "அஞ்சாறு மாசமா. போன் வீடியோல ஒரு அம்மா சொன்னாங்க, இப்டி இருந்தா மாசம் அஞ்சு கிலோ எறங்கும்னு. எனக்கு ஏறிக்கினேதான் போவுது மாமி. நான் ஒளிச்சி எதையும் துன்னல. அல்லா மேல ஆணையா துன்னல."

"தெரியும்டி" என்றாள் ஜரினா. "மூணு நாளா பாத்துக்கினுதான் கீறேன்."

அன்று சாயங்காலமே கிளினிக்குக் கூட்டிப்போனாள். எழிலரசி என்று ஒரு டாக்டரம்மா. நாற்பது வயசு இருக்கும். அதீபாவை நிமிர்ந்து பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். கழுத்தைத் தொட்டு, "முழுங்கும்மா" என்றாள். கன்னத்து வீக்கத்தை அழுத்தினாள். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்தாள். அப்புறம் மறுபடியும் ஒருமுறை பிடித்துப் பார்த்தாள்.

"நாடி நாற்பத்தாறுதான் இருக்கு" என்றாள். ரத்தத்துக்கும் கழுத்து ஸ்கேனுக்கும் எழுதிக் கொடுத்தாள்.

ஸ்கேன் எடுக்கிற அறையில் ஜரினாவையும் உள்ளே விட்டார்கள். கறுப்புத் திரையில் மூச்சுக்குழாய்க்கு இரண்டு பக்கமும் சாம்பல் நிறத்தில் என்னவோ தெரிந்தது. "இதாங்க தைராய்டு. வண்ணத்துப்பூச்சி றெக்கைய விரிச்ச மாதிரி உக்காந்திருக்கும்" என்று அங்கிருந்தவர் காட்டினார். "ரெண்டு கட்டவெரல் நுனியச் சேத்து வெச்சா எவ்ளோ, அவ்ளோதான். இவங்களுக்குக் கொஞ்சம் வீங்கியிருக்கு."

"அவ்ளோதானா?" என்றாள் ஜரினா. "அவ்ளோண்டுதானா?"

மறுநாள் ரத்தச் சீட்டு வந்தது. டி.எஸ்.எச். என்று போட்டு, நாலுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் தொண்ணூற்றாறு என்று இருந்தது. எழிலரசி டாக்டர் அந்தச் சீட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்தச் சுரப்பிதாம்மா உடம்புக்கு அடுப்பு. எவ்வளவு எரியணும்னு இதுதான் சொல்லும். உனக்கு அது கிட்டத்தட்ட அணைஞ்சிருக்கு. அது அணைய அணையத்தான் இந்த நம்பர் ஏறும். நீ சாப்பிடாம கிடந்ததும் உடம்பு இன்னும் பயந்துபோய் எல்லாத்தையும் சேத்து வெச்சுக்கிச்சு. அதோட நீர் வேற கோத்திருக்கு. இதுல உன் தப்பு ஒண்ணுமே இல்ல." பிறகு கேட்டாள்: "வீட்ல என்ன வேலை பாக்குறே?"

"சமோசாப் பட்டி உரிக்கிறேன் டாக்டர்."

"ஒரு நாளைக்கு எவ்வளவு?"

"நாப்பது கட்டு. மின்ன அறுவது போடுவேன். இப்ப முடியல."

எழிலரசி டாக்டர் சீட்டை மேஜையில் வைத்தாள். "இந்த நம்பரோட வர்றவங்க பாதிப் பேர் கட்டில்ல இருந்து எழுந்திரிக்க மாட்டாங்க" என்றாள் மெதுவாக. "முதுகுல ஒரு அரிசி மூட்டையைக் கட்டிக்கிட்டுப் படி ஏறுற மாதிரி இருந்திருக்கும் உனக்கு, ஒவ்வொரு நாளும். நாற்பது கட்டு எப்படிம்மா போட்டே?"

அதீபா அழுதாள். ஜரினாவுக்கு மருமகளின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. மந்தம், சொகுசு, ஒளித்துத் தின்கிறவள் என்று தான் வாய்க்கு வந்தபடி சொன்ன பெண் மலையைத் தூக்கிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். அவள் கையைப் பார்த்தாள். கல் சூட்டில் காய்ந்துபோன பத்து விரல்கள். சுப்ஹானல்லாஹ் என்று மனசுக்குள் வந்தது.

"மாத்திரை காலையில வெறும் வயித்துல, வெறும் தண்ணியில" என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஒரு மணி நேரத்துக்கு டீ கிடையாது, ஒண்ணும் கிடையாது. சத்து மாத்திரை, கால்சியம் எல்லாம் நாலு மணி நேரம் தள்ளி. கோத்த நீர் முதல்ல இறங்கும். மாத்திரையே எல்லாத்தையும் இறக்கிடும்னு நினைக்காதீங்க. மீதிய சாப்பாட்டுலதான் இறக்கணும். பட்டினியால இல்ல, சாப்பாட்டால. புரியுதா?"

"சாப்புட்டா எப்டி டாக்டர் எறங்கும்?" என்றாள் அதீபா.

"இறங்கும். மெதுவா."

கிளம்பும்போது, "இது பெரும்பாலும் ரத்த வழியில வரும். உங்க அம்மா பக்கம், அக்கா தங்கச்சி யாருக்காவது இருந்தா பாக்கச் சொல்லு" என்றாள். அதீபா யாருமில்லை என்று தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் ஜரினா அனஸையும் ஹாஜா மொய்தீனையும் கூடத்தில் உட்கார வைத்தாள்.

"அன்னிக்கு உங்க எதுர்ல அவள அசிங்கமாப் பேசுனேன். உங்க எதுர்லயே சொல்றேன், நான் சொன்னது தப்பு. அதீபா, என்ன மன்னிச்சிடு." அப்புறம் மகனைப் பார்த்துத் திரும்பினாள். "நீ இன்னாடா சீப்ப வெச்சிக்கினு நின்னே அன்னிக்கு? வாயில இன்னா கொழுக்கட்டையா?"

அனஸ் தலையைக் குனிந்துகொண்டான். அன்றிலிருந்து காலையில் மாத்திரையும் தண்ணீரும் எடுத்துக் கொடுப்பது அவன் வேலையாயிற்று.

ஜரினா எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. அதீபா குடிக்கக்கூடாத அந்த ஒரு மணி நேரம் வீட்டில் யாருக்கும் டீ கிடையாது என்று சட்டம் போட்டாள். ஹாஜா மொய்தீன் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

"எனுக்கு இன்னா தைராய்டா கீது? ஒரு வாய் டீ குடுத்துட்டுத் தொலையேன்."

"அந்தப் பொண்ணு மூக்குக்கு எதுர்ல நீ உறிஞ்சுவியா? இன்னும் இருவது நிமிசம் கீது. கம்முனு கெட."

தைராய்டுக்கு ஆகாது என்று போனில் கேட்டுவிட்டு, முட்டைக்கோஸ், காலிஃபிளவர் எதுவும் வாசப்படி தாண்டக்கூடாது என்று இன்னொரு சட்டம். அடுத்த தடவை டாக்டர் சிரித்துவிட்டாள். "வேகவெச்சு அளவா சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதும்மா. போன்ல வர்றதை எல்லாம் விடுங்க." வெட்கத்தோடு அந்தச் சட்டத்தை வாபஸ் வாங்கினாள்.

அதீபாவின் தட்டை ஜரினாவே போட ஆரம்பித்தாள். பாதித் தட்டு காய். அவரைக்காயோ பீன்ஸோ கீரையோ, தேங்காய் அள்ளிப் போடாமல். கால் தட்டுக்கு மீன், இல்லையென்றால் இரண்டு முட்டை, இல்லையென்றால் கெட்டியான பருப்பு. மிச்சம் கால் தட்டில் ஒரு கரண்டி சோறு. மாத்திரை போட்ட ஒரு மணி நேரம் கழித்து, காலையிலேயே சுண்டலோ பயறோ. மைதாவில் பிழைக்கிற வீட்டில் பரோட்டாவும் பன்னும் பிஸ்கெட்டும் நின்றுபோயின. முதல் நாள் அந்தத் தட்டைப் பார்த்து அதீபா மிரண்டுவிட்டாள்.

"மாமி, இவ்ளோவா? இத நான் ரெண்டு நாளைக்குத் துன்னுவேன்."

"துன்னு."

"ஏறிடும் மாமி."

"பட்டினி கெடந்து ஏறுனது, துன்னு எறங்குதா பாக்கலாம். அல்லா உட்ட வழி. துன்னு."

முதல் மாசத்தில் மூன்றரைக் கிலோ இறங்கியது. முகத்து வீக்கம் வடிந்து கன்ன எலும்பு லேசாகத் தெரிந்தது. தராசில் நின்றவள் இறங்கி, மறுபடி ஏறி நின்று பார்த்தாள். சாப்பிட்ட உடம்பு இளைக்கிறதை ஜரினா வாழ்க்கையில் அப்போதுதான் பார்க்கிறாள். பக்கத்து வீட்டுக்காரிகளிடம் எல்லாம் சொன்னாள். ஒருத்தியும் நம்பவில்லை.

அப்புறம் இரண்டு மாசத்துக்கு முள் அசையவில்லை. மாத்திரை அளவை மட்டும் டாக்டர் கூட்டினாள். ஒருநாள் அதீபா ஆவடி மார்க்கெட்டுக்குப் போனவள், தன் கையால் உரித்த பட்டியில் செய்த சமோசாவையே வண்டிக்கடையில் நின்று நாலு தின்றுவிட்டு வந்தாள். வந்து அவளாகவே சொன்னாள்.

"நல்லா இருந்துச்சா?" என்றாள் ஜரினா.

"ரொம்ப."

"சரி வுடு. நாளைக்குக் காலைல ரெண்டு சுத்து அதிகமா நடப்போம்."

இரண்டு பேரும் விடிந்ததும் ஏரிப் பக்கம் நடக்க ஆரம்பித்திருந்தார்கள். ஜரினாவுக்கு முட்டி நிஜமாகவே வலிக்கும். ஆனாலும் விடமாட்டாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. எடை எழுபத்தொன்று. ஆறு மாசத்தில் எட்டு கிலோ. போனில் அந்த அம்மா சொன்ன கணக்கை நினைத்து அதீபா ஒருநாள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கம்பளி இல்லை, கரகரப்பு இல்லை. கல்லிலிருந்து அடுக்கை எடுத்துப் போட்டால், சரசரவென்று எட்டு ஏடும் கழன்று வந்தன. அன்றைக்கு அறுபத்திரண்டு கட்டு. ஜரினா தேய்க்கிறதை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்தாள். புருவத்தின் ஓரம், காதுப் பக்கம், வழுக்கையாகக் கிடந்த இடத்தில் புதிதாகக் கறுப்பு முடி முளைத்திருந்தது.

"இங்க மயிரு இல்லாமத்தான கெடந்துது?" என்று விரலால் தொட்டாள்.

"ஆமாம் மாமி. இந்த நோவுல புருவத்து ஓரம் கொட்டிடுமாம். டாக்டர் சொன்னாங்க. நீங்க கவனிக்கலியா?"

ஜரினா பூரிக்கட்டையைக் கீழே வைத்தாள். ஓரம் இல்லாத புருவம். அவளுக்கு அது புதுசில்லை. அப்படி ஒரு முகத்தை அவள் பத்து வருஷம் பார்த்திருக்கிறாள். அவளுடைய அக்கா ஜமீலாவின் முகம்.

ஜமீலா கொரட்டூரில் வாழ்க்கைப்பட்டவள். ஊரே அவளைத் தூங்குமூஞ்சி என்றது. உட்கார்ந்தால் தூங்குவாள். குரல் ஆம்பிளைக் குரல். ஊதிப்போன உடம்பு. சித்திரையிலும் போர்த்திக்கொள்வாள். 'வயித்துக்கு மட்டும் வஞ்சனையே இல்ல' என்று மாமியார் வீட்டில் பேசினார்கள். முப்பத்தொன்பது வயசில், ஒரு மார்கழி மாசம், தூங்கினவள் எழுந்திருக்கவில்லை. அதற்கு நாலு நாள் முன்னால்தான் ஜரினா பார்க்கப் போயிருந்தாள். சுருண்டு படுத்திருந்தவளிடமிருந்து போர்வையைப் பிடுங்கி, "இன்னாக்கா இது வெக்கமில்லாம? எழுந்து வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டு வந்தாள். அதுதான் அக்காவிடம் அவள் பேசின கடைசிப் பேச்சு.

கல் புகைந்தது. அதீபா அடுப்பை அணைத்தாள். "மாமி, இன்னா ஆச்சு?"

ஜரினா சொன்னாள். இருபத்தைந்து வருஷமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். கேட்டு முடித்ததும் அதீபா ஒன்றுதான் கேட்டாள்.

"அவங்களுக்குப் பசங்க கீறாங்களா மாமி?"

"ஒரே பொண்ணு. ஷாகிதா. அதே கொரட்டூர்லதான் கீறா. தையல் தைக்கிறா." ஜரினாவின் குரல் இறங்கிப்போனது. "அவளும் இப்ப ஊதித்தான் கீறா. அம்மா மாதிரியே சோம்பேறின்னு எல்லாரும் சொல்றாங்க. போன நோன்புப் பெருநாளுக்கு நானும் சொன்னேன்."

மறுநாள் பட்டி போடவில்லை. மாமியும் மருமகளும் ஆவடியில் மின்சார ரயிலேறி, அன்னனூர், அம்பத்தூர், பட்டரவாக்கம் என்று மழைக்குள்ளேயே போய்க் கொரட்டூரில் இறங்கினார்கள். ஷாகிதா மெஷினில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். தோளில் கனத்த சால்வை. நிமிர்ந்ததும் முகம் சுருங்கியது.

"வா சின்னம்மா. சோம்பேறி ஊட்டுக்கு இன்னா இவ்ளோ தூரம்?"

ஜரினா அவள் புருவத்தைத்தான் முதலில் பார்த்தாள். ஓரத்தில் முடி இல்லை. அதீபாதான் எல்லாவற்றையும் சொன்னாள். தன் போனிலிருந்து பழைய போட்டோவைக் காட்டினாள். கழுத்தைக் காட்டினாள். "நாலு எட்டு லேபு வரைக்கும் வாங்க. ஒரு ஊசிதான்" என்று கையைப் பிடித்து எழுப்பினாள்.

ராத்திரிக்குள் அதீபாவின் போனுக்கே சீட்டு வந்தது. அறுபத்தெட்டு. அடுத்த இரண்டாம் நாள் எழிலரசி டாக்டர் அவளுக்கும் மாத்திரை எழுதினாள். அன்று சாயங்காலம் ஷாகிதாவைக் கொரட்டூரில் விடப் போன ஜரினாவும் அதீபாவும் மழை விடட்டும் என்று அங்கேயே உட்கார்ந்தார்கள். ஷாகிதா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"எங்கம்மாவுக்கும் இதானா சின்னம்மா?"

"ரத்தம் எடுத்துப் பாக்கலியே கண்ணு. ஆனா எனுக்குத் தெரியும். இதேதான்."

"அப்ப அவங்க சோம்பேறி இல்லியா?"

ஜரினா மூக்கைச் சிந்தினாள். அக்காவின் வீடு அவள் கண்ணில் வந்து நின்றது. அங்கே தான் பார்த்தும் பார்க்காமல் விட்டதெல்லாம் வந்து நின்றது.

"உங்கம்மா இடியாப்பம் வித்தா, உனுக்கு ஞாபகம் கீதா? கருக்கல்ல எழுந்துப்பா. ரெண்டு படி மாவு. வெந்நி ஊத்திக் கெளறி, மர அச்சுல போட்டுப் புழியணும். ஆம்பளைங்களுக்கே கை கழண்டுடும் அந்த அச்சு. நூத்தியிருவது இடியாப்பம் புழிவா. கூடைய இடுப்புல வெச்சிக்கினு ஏரிக்கரைத் தெரு பூரா ஊடு ஊடாப் போயி குடுத்துட்டு வந்து, உன்னக் குளிப்பாட்டி, தலை பின்னி, ஸ்கூல்ல உட்டுட்டு வந்துதான் படுப்பா. நாங்க எல்லாம் அவ படுத்ததத்தான்டி பாத்தோம். நாடி நாப்பதுல ஓடியிருக்கும். ஒடம்பெல்லாம் ஐஸா இருந்திருக்கும். அதோட ஒரு நாள் தவறாம நூத்தியிருவது. அவள மாதிரி உழைச்சவள நான் ஆயுசுல பாத்ததில்ல."

ஷாகிதா வாயைப் பொத்திக்கொண்டாள். அதீபா நகர்ந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எங்கம்மாவா?" என்றாள் ஷாகிதா.

"உங்கம்மாதான்."

"இன்னொரு தபா சொல்லு சின்னம்மா."

ஜரினா முகத்தைத் துடைத்துக்கொண்டு, கருக்கலிலிருந்து மறுபடியும் சொல்ல ஆரம்பித்தாள்.